மலையில் பாக்சைட், மேட்டூரில் ஆலை: பெரிய கம்பெனி வேலையின் ஏற்ற இறக்கங்கள்

ஏற்காடு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஏரி, படகு சவாரி, லேடீஸ் சீட், காப்பித் தோட்டம், கோடை விழா. பள்ளிச் சுற்றுலாவில் போய் வந்தவர்களைக் கேட்டால் 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிச் சொல்வார்கள், யார் யார் பஸ்ஸில் வாந்தி எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் சேர்வராயன் கோயிலுக்குப் போகும் பாதையில் மண் திடீரென்று செங்கல் நிறத்துக்கு மாறுவதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. அது பாக்சைட் மண். அலுமினியத்தின் தாய்ப்பொருள்.

இந்த மண்ணை நம்பி மேட்டூரில் ஒரு பெரிய ஆலை இருந்தது. அந்த ஆலையை நம்பி மலையிலும் கீழேயும் பல குடும்பங்கள் இருந்தன. 1965-ல் உற்பத்தி தொடங்கி, 2008-ல் அலுமினிய உற்பத்தி நின்றது. நடுவில் ஒரு முறை நான்கு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. "பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தால் வாழ்க்கை செட்டில்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க இந்த ஆலையின் வரலாறு நல்ல உதாரணம்.

மலை உச்சியில் ஏன் பாக்சைட்?

சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னகைட் என்னும் மிகப் பழைய, கடினமான பாறை. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் தட்டையான மலை உச்சிகளில் இந்தப் பாறை பல லட்சம் ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக மக்கிப் போகிறது. கரையக் கூடிய பொருட்களை மழைநீர் அடித்துச் சென்று விடும். கரையாத இரும்பும் அலுமினியமும் மேலே தங்கி விடும். அப்படித் தங்கிய படிவம்தான் பாக்சைட். கொல்லிமலையிலும் இதே போல உண்டு. அதனால் இந்தத் தாதுவைத் தேடி ஆழமாகக் குழி தோண்ட வேண்டியதில்லை. மேல் மண்ணை அகற்றி விட்டால் வெட்டி எடுத்து விடலாம்.

ஆனால் பாக்சைட்டை அப்படியே யாரும் வாங்கிப் பயன்படுத்த முடியாது. முதலில் காஸ்டிக் சோடாவில் கரைத்து, அலுமினா என்னும் வெள்ளைத் தூளாக மாற்ற வேண்டும். பிறகு அந்தத் தூளை சுமார் 950 டிகிரி சூட்டில் உருகிய உப்புக் கலவையில் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரிக்க வேண்டும். மோட்டாக் கணக்காகச் சொன்னால் 4 முதல் 5 டன் பாக்சைட்டிலிருந்து 2 டன் அலுமினா, அதிலிருந்து 1 டன் அலுமினியம். எனவே மலையில் வெட்டும் கல்லுக்கு விலை உண்டா இல்லையா என்பது அருகில் ஓர் ஆலை ஓடுகிறதா என்பதைப் பொறுத்தது.

மேட்டூரைத் தேர்ந்தெடுத்த காரணம்

மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, மக்கள் வாயில் "மால்கோ", 1960-ல் பதிவு செய்யப்பட்டது. காமராஜர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலம் அது. மாநிலம் முழுவதும் தொழிற்சாலைகள் எழும்பிக் கொண்டிருந்தன. இத்தாலியின் மாண்டிகாட்டினி நிறுவனம் தொழில்நுட்பம் கொடுத்தது. 1965-ல் உற்பத்தி தொடங்கியது.

மேட்டூர் ஏன்? மூன்று காரணங்கள். ஏற்காடும் கொல்லிமலையும் லாரி போய் வரும் தூரத்தில் இருந்தன. காஸ்டிக் சோடா தயாரிக்கும் மேட்டூர் கெமிக்கல்ஸ் 1936 முதலே அதே ஊரில் இருந்தது. மிக முக்கியமாக, 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீர்மின்சாரம் பக்கத்திலேயே கிடைத்தது.

இந்த மூன்றாவது காரணத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஒரு டன் அலுமினியம் செய்யச் சுமார் 15,000 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் வீட்டில் மாதம் 125 யூனிட் செலவானால், அது பத்து ஆண்டுக்கான மின்சாரம்! மால்கோ தொடக்கத்தில் ஆண்டுக்கு 10,000 டன் திறனோடு இருந்து பிறகு 25,000 டன்னாக வளர்ந்தது. 25,000 டன் செய்ய வேண்டுமானால் இரவு பகலாக 43 மெகாவாட் மின்சாரம் ஓடிக் கொண்டே இருக்க வேண்டும். மேட்டூர் அணையடியில் உள்ள பழைய மின் நிலையத்தின் மொத்தத் திறனே அப்போது 40 மெகாவாட்தான். அதாவது ஒரு ஆலை ஒரு அணையின் மின் நிலையத்தை விழுங்கி விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்சாரம் சில மணி நேரம் தொடர்ந்து போய் விட்டால், தொட்டியில் உருகிய நிலையில் இருக்கும் கலவை உறைந்து விடும். மறுபடி இயக்குவதற்குப் பெரும் செலவு ஆகும். நெசவாலையில் கரண்ட் போனால் அன்றைய உற்பத்தி போகும். அலுமினிய ஆலையில் போனால் இயந்திரமே போகும்.

கம்பெனி வேலையின் நல்ல பக்கம்

1960-களில் சேலம் மாவட்டத்தில் ஒரு இளைஞனுக்கு என்ன வேலை இருந்தது? தறி, விவசாயக் கூலி, மலையில் காப்பித் தோட்ட வேலை. இவற்றோடு ஒப்பிட்டால் ஆலை வேலை வேறு உலகம். மாதம் பிறந்தால் சம்பளம். பிராவிடண்ட் ஃபண்ட். வார விடுமுறை. போனஸ். விபத்து நேர்ந்தால் இழப்பீடு. 1972 சட்டத்துக்குப் பிறகு பணிக்கொடை. சங்கம் வைத்துக் கொண்டு பேசும் உரிமை. மழை பொய்த்தாலும் சம்பளம் பொய்க்காது என்பது விவசாயக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பெண் பார்க்கப் போகும் வீட்டில் "மாப்பிள்ளை மால்கோவில் இருக்கார்" என்றால் அதற்குத் தனி மரியாதை.

மலையில் நிலைமை கொஞ்சம் வேறு. சுரங்கம் என்றாலும் பெரிய இயந்திரங்கள் நிறைந்த இடம் என்று கற்பனை செய்யக் கூடாது. இது போன்ற சிறிய மலைச் சுரங்கங்களில் கடப்பாரையும் சம்மட்டியும் கூடையும்தான் முக்கியக் கருவிகள். கல்லை உடைப்பது, நல்ல தாதுவையும் கழிவையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது, லாரியில் ஏற்றுவது, எல்லாம் மனித உழைப்பு. 1952-ம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி மேற்பரப்பில் வேலை செய்பவருக்கு வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று இருந்தது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு இருந்தது. பெண்களை இரவு 7 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் அப்போது விதி இருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கும் 1951-ல் இதே போல ஒரு சட்டம் வந்தது. எனவே மலைவாழ் மக்களுக்கு முன்னால் இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று தோட்டம், இன்னொன்று சுரங்கம்.

25,000 டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டன் பாக்சைட் வேண்டும். லாரிக்கு 10 டன் என்று வைத்தால் ஆண்டுக்கு 10,000 லோடு. இரண்டு மலைகளிலிருந்தும் சேர்த்து நாளுக்குச் சுமார் 30 லாரிகள். டிரைவர், கிளீனர், டயர் கடைக்காரர், வழியில் டீக்கடை வைத்திருப்பவர் என்று இந்தச் சங்கிலி நீண்டது. இவர்கள் யாருடைய பெயரும் கம்பெனியின் ஊழியர் பட்டியலில் இருக்காது.

மோசமான பக்கம்

இங்கேதான் "பெரிய கம்பெனி" என்ற சொல்லுக்குள் இருக்கும் வேறுபாடு தெரிகிறது. ஆலைக்குள் நிரந்தரத் தொழிலாளி ஒருவர். அதே ஆலைக்கு ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்பவர் இன்னொருவர். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-ல் வந்தது. ஒரு வேலையில் ஒப்பந்த முறையை அரசு தடை செய்தால், ஏற்கெனவே இருப்பவர்கள் தானாக நிரந்தரம் ஆவார்களா என்ற கேள்வி பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் இருந்தது. 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் "தானாக ஆக மாட்டார்கள்" என்று தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால் மட்டுமே வழி உண்டு. கூலித் தொழிலாளி ஒருவர் அதை எப்படி நிரூபிப்பார்?

உடலுக்கும் விலை இருந்தது. உருக்குத் தொட்டி வரிசைக்கு முன்னால் நிற்பவருக்குச் சூடும் புகையும். அலுமினா பிரிவில் காஸ்டிக். சுரங்கத்தில் தூசி. ஊருக்கும் விலை இருந்தது. பாக்சைட்டிலிருந்து அலுமினாவை எடுத்த பிறகு மிஞ்சுவது காரத்தன்மை கொண்ட சிவப்புச் சேறு. அதை எங்கே கொட்டுவது என்பது உலகம் முழுவதும் எல்லா அலுமினா ஆலைகளுக்கும் தலைவலி. மேட்டூரில் அது காவிரி நீர்த்தேக்கத்துக்கு அருகிலேயே குவிந்தது.

முதல் இறக்கம்: 1991

மால்கோவின் பொருளை வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் மின் கம்பி தயாரிப்பாளர்கள். 1970-ல் வந்த அலுமினியக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, உற்பத்தியில் பாதியை மின் கம்பிக்கான தரத்தில் செய்து கொடுக்க வேண்டும். விலையிலும் அரசின் கட்டுப்பாடு இருந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டு போக அலுமினியக் கம்பி தேவைப்பட்ட காலம் அது. இதில் ஒரு முரண் உண்டு. எல்லா ஊருக்கும் கம்பி போனதும் எல்லா ஊரும் மின்சாரம் கேட்டது. பம்ப்செட்டுகள் பெருகின. அணையில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் மின்வெட்டு வந்தது. கட்டணம் ஏறியது. மலிவான நீர்மின்சாரத்தை நம்பிக் கட்டிய ஆலைக்கு அதுவே எமனாக வந்தது.

இதே நேரத்தில் ஒரிசாவில் நால்கோ எழுந்தது. 1970-களில் கிழக்குக் கடற்கரை மலைகளில் மிகப் பெரிய பாக்சைட் வளம் கண்டறியப்பட்டது. 1981-ல் தொடங்கப்பட்ட நால்கோவின் அங்குல் ஆலை தொடக்கத்தில் ஆண்டுக்கு 2,18,000 டன் திறன் கொண்டிருந்தது. மால்கோவைப் போல எட்டு மடங்குக்கும் மேல். பக்கத்திலேயே நிலக்கரி. சொந்த மின் நிலையம். 1989-ல் விலைக் கட்டுப்பாடும் நீங்கியது. சிறிய ஆலைக்கு இருந்த பாதுகாப்பு போய் விட்டது.

1991-ல் மேட்டூர் ஆலை நின்றது. நான்கு ஆண்டுகள்.

நான்கு ஆண்டு என்பதைப் படிக்கும்போது ஒரு வரி. அந்த வீடுகளில் அது வேறு. 1991-ல் எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை 1995-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கும். அந்தக் காலத்துச் சட்டப்படி லே-ஆஃப் என்றால் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி. அதுவும் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான், ஆலை மூடியே கிடந்தால் அதுவும் எவ்வளவு நாள்? மலையில் பாக்சைட் உடைத்தவர்கள் மறுபடியும் தோட்டக் கூலிக்குப் போவது தவிர வேறு வழி என்ன?

இதில் வேலை செய்தவர்களின் தவறு என்ன என்று தேடினால் எதுவும் கிடைக்காது. கல் குறையவில்லை, கை குறையவில்லை. மின்சாரத்தின் விலை ஏறியது, அவ்வளவுதான்.

இரண்டாவது வாழ்வு

1995-ல் ஸ்டெர்லைட் நிறுவனம் மால்கோவை வாங்கியது. ஆலை மறுபடி ஓடியது. பழைய அனுபவத்திலிருந்து புதிய முதலாளிகள் ஒரு பாடம் கற்றிருந்தார்கள். 1999-ல் நிலக்கரியில் இயங்கும் 75 மெகாவாட் சொந்த மின் நிலையம் வந்தது. பிறகு அது 100 மெகாவாட் ஆனது. அலுமினியத் திறன் 40,000 டன் வரை உயர்ந்தது. 2003-ல் தாய் நிறுவனமான வேதாந்தா லண்டன் பங்குச் சந்தையில் இடம் பிடித்தது.

தொழிலாளியின் பார்வையில் இது ஏற்றம்தான். ஆலை ஓடுகிறது, லாரி ஓடுகிறது, சம்பளம் வருகிறது. ஆனால் ஒன்று மாறியிருந்தது. முன்பு அலுமினிய விலையை டெல்லி கட்டுப்படுத்தியது. இப்போது லண்டன் உலோகச் சந்தையின் விலைப் பலகைதான் உள்ளூர் விலைக்கும் அளவுகோல். சேர்வராயன் மலையில் சம்மட்டி பிடித்தவருக்கு அந்தப் பலகையைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவருடைய நாளைய கூலி அதில் எழுதியிருந்தது.

2008

2008 ஜூலையில் அலுமினியம் டன்னுக்கு 3,300 டாலருக்கு மேல் விற்றது. செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. வீடு, கார், விமானம் எல்லாவற்றுக்கும் தேவை சரிந்தது. ஆண்டு முடிவதற்குள் விலை 1,500 டாலருக்கும் கீழே போனது. ஐந்தே மாதத்தில் பாதிக்கும் கீழே!

பெரிய, புதிய ஆலைகள் இந்த அடியைத் தாங்கிக் கொண்டன. பழைய தொழில்நுட்பம் கொண்ட சிறிய ஆலையால் முடியவில்லை. 2008 நவம்பரில் மேட்டூரில் அலுமினிய உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆலை நின்றதும் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட்டுக்கு வேலை இல்லாமல் போனது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. அலுமினிய ஆலை நின்றது, ஆனால் அதற்காகக் கட்டிய மின் நிலையம் நிற்கவில்லை! தமிழ்நாட்டில் கடுமையான மின்வெட்டு இருந்த ஆண்டுகள் அவை. அங்கே தயாரான மின்சாரம் வெளியே விற்கப்பட்டது. 1991-ல் மின்சாரம் இல்லாமல் ஆலை நின்றது. 2008-ல் மின்சாரம் இருந்தும் ஆலை நின்றது, ஏனென்றால் அலுமினியமாக மாற்றுவதை விட மின்சாரமாகவே விற்பது லாபம். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இது சரியான முடிவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மின் நிலையம் நடத்த உருக்குத் தொட்டித் தொழிலாளி தேவையில்லை, பாக்சைட் உடைப்பவரும் தேவையில்லை. பின்னாளில் மின் தேவை குறைந்தபோது 2017-ல் அந்த மின் நிலையமும் நிறுத்தி வைக்கப்பட்டது.

இருபது ஆண்டு வேலை பார்த்தவருக்கு ஆலை மூடினால் என்ன கிடைக்கும்? அப்போதைய சட்டப்படி, முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. இருபது ஆண்டுக்கு 300 நாள், அதாவது பத்து மாதச் சம்பளம். பணிக்கொடை இன்னொரு பதினொன்றரை மாதம். மொத்தத்தில் இரண்டு ஆண்டுச் சம்பளம் கூட இல்லை. நாற்பத்தைந்து வயதில் உருக்குத் தொட்டி வேலை மட்டுமே தெரிந்த ஒருவர் அதை வைத்துக் கொண்டு எங்கே போவார்? அந்தத் திறமைக்கு மேட்டூரில் வேறு ஆலை கிடையாது.

மலையடிவாரத்தில் இன்னொரு கதை

இதே சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், சேலம் பக்கம், வெள்ளைக்கல் என்று மக்கள் சொல்லும் மேக்னசைட் கிடைக்கிறது. 1896-லேயே இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த மிடில்மிஸ் இந்தப் பகுதியைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்தக் கல்லைச் சூளையில் கடுமையாகச் சுட்டுச் செய்யும் செங்கற்கள்தான் இரும்பு உருக்கும் உலைகளின் உட்புறச் சுவர். "மேக்னசைட் ஜங்ஷன்" என்று ஒரு ரயில் நிலையமே அங்கே உண்டு.

இங்கும் ஏற்ற இறக்கம் உண்டு. பர்ன் கம்பெனி 1976-ல் தேசியமயமாகி பர்ன் ஸ்டாண்டர்ட் ஆனது. மாநில அரசின் டான்மேக் 1979-ல் வந்தது. 1990-களில் சீனாவிலிருந்து மலிவான மேக்னசைட் இறக்குமதியானது. புதிய உருக்கு முறைகளில் ஒரு டன் எஃகுக்குத் தேவையான செங்கலின் அளவும் குறைந்தது. இரண்டும் சேர்ந்து சேலத்தை வாட்டின.

ஆனால் முடிவு வேறு. 2011-ல் பர்ன் ஸ்டாண்டர்டின் சேலம் பிரிவை செயில் நிறுவனம் எடுத்துக் கொண்டு, செயில் ரிஃப்ராக்டரி கம்பெனி என்று தனி நிறுவனம் ஆக்கியது. அதாவது செங்கல் வாங்கும் எஃகு நிறுவனமே செங்கல் ஆலையை எடுத்துக் கொண்டது. பர்ன் ஸ்டாண்டர்டை மூட 2018-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, சேலம் பிரிவு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அதிலிருந்து பிரிந்து போயிருந்தது.

ஒரே மலை, இரண்டு கனிமம். பாக்சைட்டுக்கு இருந்தது மேட்டூரில் ஒரே ஓர் ஆலை. வெள்ளைக்கல்லுக்கு நாடு முழுவதும் எஃகு ஆலைகள். அந்த ஒரே ஆலைக்கு வேறு லாபமான வழி கிடைத்ததும் பாக்சைட் தேவையற்றதாகி விட்டது. வெள்ளைக்கல்லைச் சுட்டவர்களுக்கோ, அந்தச் செங்கல் இல்லாமல் உலை எரிக்க முடியாத ஒரு பெரிய நிறுவனம் துணைக்கு வந்தது.

நமக்கு என்ன?

பெரிய கம்பெனி வேலை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மால்கோ சம்பளத்தில் படித்து முன்னேறிய குடும்பங்கள் உண்டு. அந்த மாதச் சம்பளம் இல்லாவிட்டால் அந்தப் படிப்பு இல்லை. அதைக் குறைத்துச் சொல்வது நன்றி கெட்ட பேச்சு.

ஆனால் வேலைக்குப் போகும் முன் நாம் சம்பளத்தைக் கேட்கிறோம், கேன்டீனைக் கேட்கிறோம், பஸ் வசதியைக் கேட்கிறோம். இன்னும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கம்பெனி செய்யும் பொருளை எத்தனை பேர் வாங்குகிறார்கள்? அதைச் செய்ய எந்த ஒன்று இல்லாவிட்டால் கதவு மூடும்? என் பெயர் கம்பெனியின் பதிவேட்டில் இருக்கிறதா, ஒப்பந்தக்காரரின் நோட்டில் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்திருந்தால் 1991-ஐயோ 2008-ஐயோ தடுத்திருக்க முடியாதுதான். ஆனால் வேறு ஒரு தொழிலையும் கையில் வைத்திருக்க வேண்டும், பிள்ளைகளை வேறு படிப்பில் சேர்க்க வேண்டும் என்று சிலருக்காவது முன்கூட்டியே தோன்றியிருக்கும்.

அடுத்த முறை ஏற்காடு போனால் சேர்வராயன் கோயில் பாதையில் ஐந்து நிமிடம் இறங்கி நில்லுங்கள். அந்தச் சிவந்த மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் வீட்டுக்கு வரும் மின் கம்பியில் ஒரு பகுதி ஒரு காலத்தில் அந்த மண்ணாக இருந்திருக்கலாம். அதை உடைத்துக் கூடையில் சுமந்தவர்களும் அதே மலையில்தான் இருந்தார்கள்.